நனையாத திங்கட்கிழமை

தண்ணீரை மனிதர்களிடமிருந்து பிரித்து வைப்பதுதான் வாசுதேவனின் தொழில். எசன் நகரின் வடக்கு ஓரத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம்; அதன் பம்ப் பிரிவில் அவர் இஞ்ஜினியர். பூமிக்கடியில் கரி வெட்டுகிறவர்களின் காலடியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக உறிஞ்சி மேலே கொண்டுவந்து கொட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஆட்கள் கரியோடு சேர்ந்து ஊறிப்போவார்கள். மன்னார்குடியில் பிறந்து, கிண்டியில் படித்து, நெய்வேலியின் ஊற்றுத் தண்ணீரோடு மல்லுக்கட்டிப் பழகியவர். அந்த மல்லுக்கட்டை முறையாகக் கற்றுக்கொண்டு திரும்பிவிடலாம் என்று 1963இல் ஜெர்மனிக்கு வந்தார். திரும்பவில்லை. அதற்குக் காரணம் பம்ப் அல்ல.

காரணத்தின் பெயர் டனூட்டா. வாசுதேவன் வாடகைக்கு இருந்த மாடியறையின் கீழ்வீட்டுப் பெண். அந்தத் தெரு முழுக்கப் போலந்துக்காரர்கள். தாத்தா காலத்தில் கரி வெட்டக் கூட்டிக்கொண்டு வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். வேலைக்கும் சந்தைக்கும் ஜெர்மன் பேசுவார்கள். கடவுளைக் கும்பிடவும், ஒருவரையொருவர் திட்டவும், திருவிழா நடத்தவும் போலிஷ் பேசுவார்கள். இந்த மூன்றும் அவர்களிடம் பெரும்பாலும் ஒரே நாளில் நடக்கும்.

டனூட்டாவின் அம்மா ஸோஃபியா ஒரு விதவை. கணவனின் நுரையீரலைச் சுரங்கம் எடுத்துக்கொண்டது. பதிலுக்கு வீட்டை அவளுக்கு விட்டுவைத்தது. மாடிக்கு வந்த இந்தியர் இறைச்சி சாப்பிடமாட்டார் என்பதை அவள் முதலில் வியாதி என்று நினைத்தாள். பிறகு விரதம் என்று நினைத்தாள். கடைசியில் அது சிக்கனம் என்று முடிவுகட்டியதும் அவர்மேல் அவளுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. உருளைக்கிழங்கும் தயிரும் வைத்து ஒரு மனிதனைக் காலம் முழுக்க ஓட்டலாம் என்றால், அப்படிப்பட்டவனை மருமகனாக்கிக்கொள்ளக் கசக்குமா?

டனூட்டாவுக்கும் கசக்கவில்லை. சுரங்கத்தின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. தொழிலாளிகளின் கரியேறிய உடுப்புகளைத் துவைத்துப் பிழிந்து சிவந்துபோன கைகள். சாயங்காலங்களில் அவள், 'ஹெர் வாசு' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, அவருடைய ஜெர்மன் உச்சரிப்பைத் திருத்துவாள். அவர் அவளுக்கு வால்வு எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவார். வால்வைப் பற்றி அவ்வளவு நேரம் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு வால்வின்மேல் மட்டும் ஆசை இருக்க முடியாது என்பது வாசுதேவனுக்கும் தெரிந்திருந்தது. ஆக, ஒருதலைக் காதல் என்று சொல்ல இடமில்லை. இரண்டு தலைகளும் இருந்தன. வாய்தான் ஒன்றுகூட இல்லை.

அந்தத் தெருவில் வாய் இல்லாதவர்களுக்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. அதுதான் வசந்த விழா.

குளிர் முடியும் தறுவாயில் வைக்கோலில் ஒரு பொம்மைக்காரியைக் கட்டுவார்கள். மஜான்னா என்று பெயர். போகிற குளிர்காலமும் அவள்தான், வருஷத்தின் பீடையும் அவள்தான். அவளுக்குச் சேலை மாதிரி எதையோ சுற்றி, தெருத்தெருவாகத் தூக்கிப்போய், நெருப்பு வைத்து ஆற்றில் எறிவார்கள். ஆறு என்றால் எம்ஷர். அந்தக் காலத்தில் எம்ஷரில் நகரங்களின் சாக்கடை அத்தனையும் கலந்து ஓடியது. அதில் விழுந்தவள் மூழ்கிச் செத்தாளா நாற்றத்தில் செத்தாளா என்று யாரும் விசாரித்ததில்லை. எறிந்த பிறகு ஒரே ஒரு விதி. திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேர வேண்டும். திரும்பிப் பார்த்தவர் வீட்டுக்குள் பீடை கூடவே வந்துவிடும்.

பிறகு ஈஸ்டர். சனிக்கிழமை முட்டையும் உப்பும் ரொட்டியும் கூடையில் வைத்துப் பாதிரியாரிடம் மந்திரித்துக்கொள்வார்கள். ஞாயிறு சாப்பிடுவார்கள். திங்கட்கிழமைதான் விசேஷம். அன்று காலையிலிருந்து கோயில் மத்தியான மணி அடிக்கும்வரை, கல்யாணமாகாத ஆண்கள் கல்யாணமாகாத பெண்கள்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பெண்கள் கத்துவார்கள், ஓடுவார்கள், அகப்படுகிற மாதிரி ஓடுவார்கள். எவ்வளவு நனைகிறாளோ அவ்வளவு மதிப்பு. ஒருத்தி மற்றப் பையன்களிடம் 'என்மேல் ஊற்றாதே' என்று சொல்லிவிட்டால், ஒருவனுக்காக ஒதுங்கி நிற்கிறாள் என்று அர்த்தம். அந்த ஒருவன் வந்து ஊற்றினால் நிச்சயதார்த்தம் முடிந்த மாதிரி. மணி அடித்தபிறகும் ஒரு பெண்ணின் தலை காய்ந்திருந்தால், அவளை யாரும் விரும்பவில்லை. அந்த ஒரு நாள் காய்ந்ததை அடுத்த வருஷம்வரை தெரு மறக்காது.

வாசுதேவன் 1964 ஈஸ்டரின்போது சுரங்கத்தில் பம்புகளோடு இருந்தார். வேலை முடிந்து வந்தபோது டனூட்டா தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட அடுக்களையில் நின்றிருந்தாள். பற்கள் சந்தோஷத்தில் தந்தியடித்தன. அதைக் குளிர் என்று எடுத்துக்கொண்ட வாசுதேவன், போலீஸ் இருக்கிற நாட்டில் இப்படியும் ஒரு அராஜகமா என்று மனம் நொந்து, அவளுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். அவள் குடித்தாள். இருமிக்கொண்டே இன்னும் சந்தோஷப்பட்டாள்.

அடுத்த வருஷம் ஈஸ்டர் சனிக்கிழமை காலையில் டனூட்டா அடுக்களை மேஜையில் முட்டைகளுக்கு மெழுகால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹெர் வாசு, திங்கட்கிழமை காலைப் பூசைக்கு என்கூட வர்றீங்களா?"

"வரேனே. ஆனா தெருவுல அந்தப் பசங்க வாளியோட நிப்பாங்களே?"

"யாரும் என்மேல ஊத்தக்கூடாதுன்னு சொல்லிட்டேன்." அவள் முட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒவ்வொருத்தன்கிட்டயும் தனித்தனியா சொல்லிட்டேன்."

அந்தத் தெருவின் நாய்க்குக்கூட இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அடுப்படியில் நின்ற ஸோஃபியா சிலுவை போட்டுக்கொண்டாள். வாசுதேவனுக்கும் தெளிவாகவே புரிந்தது: பாவம், இந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் ஆகவில்லை, அதனால் தன்னைத் துணைக்குக் கூப்பிடுகிறாள்.

"கவலையேபடாதீங்க டனூட்டா. நான் பாத்துக்கறேன்."

பதிலும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. டனூட்டா காதுவரை சிவந்தாள். வாசுதேவன் நேரே நகரத்துக்குப் போனார். கடைகள் மத்தியானத்தோடு மூடிவிடும் என்பதால் அவசரமாக, இரண்டு பேர் தாராளமாக நிற்கக்கூடிய கறுப்புக் குடை ஒன்றைத் தேடி வாங்கினார். கம்பிகளை விரித்து மடக்கிச் சோதித்துப் பார்த்த பிறகே கடைக்காரரிடமிருந்து விடைபெற்றார்.

திங்கட்கிழமை வானத்தில் ஒரு மேகம் கிடையாது. வாசலில் ஸோஃபியா ஒரு நீல எனாமல் வாளியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, கைப்பிடி கைக்கு வாகாக நிற்கும்படி வைத்திருந்தாள். பெண் வீட்டார் சீர். வாசுதேவன் அதைப் பார்த்ததும், யாராவது இடறி விழுந்து வைப்பார்கள் என்று பத்திரமாகச் சுவரோரம் நகர்த்தினார். பிறகு குடையை விரித்தார்.

டனூட்டா புது ரவிக்கை போட்டிருந்தாள். நனைவதற்கென்றே தைத்தது. குடையை அண்ணாந்து பார்த்தாள். "மழை வருமா?" என்று கேட்டாள்.

"எது வந்தாலும் சரி," என்றார் வாசுதேவன்.

இரண்டு பேரும் தெருவில் நடந்தார்கள். முனைக்கு முனை பையன்கள் வாளியோடு நின்றார்கள். ஒருவனும் ஊற்றவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, வழிவிட்டு, 'இப்போது ஊற்றுவான், இப்போது ஊற்றுவான்' என்று வாசுதேவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தம் குடையைக் கண்டு பின்வாங்குகிறார்கள் என்று வாசுதேவனுக்குத் தோன்றியது. மாடி ஜன்னல் வரும்போது குடையை அந்தப் பக்கம் சாய்த்தார். பக்கத்துச் சந்தில் நாலு பெண்கள் நனைந்து கூச்சலிட்டபோது தெறித்த திவலை ஒன்றைத் தம் முழங்கையால் வாங்கிக்கொண்டார். கோயிலுக்குப் போனார்கள், வந்தார்கள். வரும் வழியில் டனூட்டாவின் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் அவள் நின்றாள். வாளியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி வாளியைப் பார்த்தாள். தெரு மூச்சுவிடாமல் நின்றது.

கோயில் மணி அடித்தது.

வாசுதேவன் குடையை மடக்கி, உதற ஒன்றுமில்லாததால் உதறாமல், வெற்றியோடு உள்ளே போய் ஸோஃபியாவிடம் சொன்னார்: "ஒரு சொட்டுகூட விழலைம்மா. உங்க பொண்ணை அப்படியே கொண்டுவந்து சேத்துட்டேன்."

ஸோஃபியா கையில் பீட்ரூட் வெட்டுகிற கத்தி இருந்தது. அவள் ஆழ்ந்த தெய்வபக்தி உள்ளவள். வாசுதேவன் உயிரோடு மாடியேறியதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

விஷயம் அவருக்குப் புரிந்தது அன்று சாயங்காலம். தெருக்கோடி மதுக்கடையின் கூடத்தில் பாட்டும் நடனமும். நனைந்து காய்ந்த தலைகளோடு பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். டனூட்டா வரவில்லை. கசாப்புக் கடைக்காரர் பாவ்லக், ஐம்பதை நெருங்கும் மனைவியிழந்தவர், மாட்டுத்தொடை மாதிரிக் கையை வாசுதேவனின் தோளில் போட்டார்.

"இஞ்ஜினியர் சார், எங்க சுரங்கத்தைத்தான் காயவச்சீங்க, சம்பளம் வாங்கறீங்க, சரி. எங்க பொண்ணுங்களையுமா காயவைக்கணும்?"

கூடம் அதிர்ந்தது. ஒருவன், "சலவைக்காரி! ஆறு நாள் தண்ணியிலயே கிடக்கா, நனைய வேண்டிய அன்னிக்குக் கருவாடு!" என்றான். கருவாடு என்ற பெயர் அந்தக் கணத்தில் டனூட்டாவுக்கு விழுந்தது. யாரோ பொறுமையாக வாசுதேவனுக்கு வழக்கத்தை விளக்கினார்கள். அவர் ஒவ்வொரு விவரமாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். தொழிலில் இருந்த ஒழுங்கு எங்கேயும் அவரைவிட்டுப் போகாது.

அங்கிருந்து நேரே சுவாமிநாதனின் அறைக்குப் போனார். சுவாமிநாதன் திருச்சிக்காரர், நிலக்கரி ரசாயன ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவர்.

"யூ ஆர் அன் இடியட், வாசு," என்றார் சுவாமிநாதன். "சிம்பிள் மேட்டர்டா. இப்பவே போ. ஒரு டம்ளர் தண்ணி எடு. அவ தலையில ஊத்து. ஃபினிஷ்டு."

"மணி அடிச்சாச்சுடா."

"ஸோ வாட்?"

"முகூர்த்தம் தாண்டிப்போன அப்புறம் தாலி கட்டறதா? அவாளோட சம்பிரதாயம்டா அது. அன்னிக்குன்னா அன்னிக்குத்தான். அரைகுறையாப் பண்ணி அந்தப் பொண்ணை இன்னும் அவமானப்படுத்தச் சொல்றியா? அடுத்த வருஷம் முறையாப் பண்ணிடறேன்."

"அடுத்த வருஷம்! அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன? ஈஸ்டர் எங்கே போயிடப்போறது?"

ஈஸ்டர் எங்கேயும் போகவில்லை. அதற்கு அவசரமில்லை. டனூட்டாதான் தினமும் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. சலவைக்கூடத்தில் அவளுடைய கொக்கியில் யாரோ உலர்ந்த மீன் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பிள்ளைகள் அவள் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவளோடு பள்ளிக்கூடம் போன பெண்கள், குரலில் தேன் தடவி, 'உனக்கென்ன, ஜலதோஷம் பிடிக்காது' என்றார்கள். இது எதுவும் வாசுதேவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தபோதெல்லாம் அவர் மனம் உருகி, வரும் ஈஸ்டரை இன்னும் சிறப்பாகச் செய்துவிட வேண்டும் என்று உறுதி பூண்டார். அவளிடம் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஊற்றுவதில் என்ன இருக்கிறது?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் டனூட்டா படிக்கட்டில் அவரை மறித்தாள்.

"ஹெர் வாசு, என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்கு," என்றார் வாசுதேவன். முகம் மலர்ந்திருந்தது. "ஆனா இப்ப இல்லை."

அவள் விலகி வழிவிட்டாள். அவர் நன்றி சொல்லிவிட்டு மாடியேறினார்.

மார்ச் மாதம் வந்தது. விழாக் குழுவின் பெண்மணிகள் மஜான்னாவைக் கட்டினார்கள். வழக்கமாக அவளுக்கு வெள்ளைத் துணி சுற்றுவார்கள். அந்த வருஷம் யோசனை பெருகிவிட்டது. சலவைக்கூடத்து நீல ஏப்ரனை மாட்டினார்கள். கழுத்தில் உலர்ந்த மீன்களைக் கோத்து மாலை போட்டார்கள். வைக்கோல் கூந்தலை டனூட்டா பின்னிக்கொள்கிற மாதிரியே பின்னி, மேலே ஒரு சின்னக் குடையையும் கட்டினார்கள். வேலைப்பாடு அற்புதம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பாதிரியார்கூட நின்று பார்த்துவிட்டு, சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு போனார்.

டனூட்டா ஊர்வலத்துக்கு வந்தாள். வராமல் இருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். வாசுதேவனும் பக்கத்தில் நடந்தார். எம்ஷரின் கரையில் பொம்மைக்கு நெருப்பு வைத்தார்கள். முதலில் குடை எரிந்தது, பிறகு பின்னல். மீன் எரியும் நாற்றம் சாக்கடை நாற்றத்தைத் தோற்கடித்தது. தூக்கி எறிந்தார்கள். பொம்மை முகம் கவிழ்ந்து மிதந்து போயிற்று. உடனே எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பிப் பாடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

டனூட்டா நடக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் தம் பக்கத்தில் அவள் இல்லை என்று வாசுதேவன் உணர்ந்தார். பின்னால் அவள் இருமுவது கேட்டது. இருமல்தானா என்று சந்தேகமாகவும் இருந்தது. அவருடைய கழுத்து கொஞ்சம் அசைந்தது. விதி நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது. ஏற்கெனவே ஒரு முறை இவர்கள் சம்பிரதாயத்தைத் தெரியாமல் மீறி இவ்வளவு வினையை இழுத்துவிட்டாயிற்று. தெரிந்தே இன்னொரு முறை மீறலாமா? வாசுதேவன் கழுத்தை நேராக்கிக்கொண்டு வீடுவரை நடந்தார். அந்தக் கூட்டத்திலேயே விதியை அவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவர் அவர்தான் என்று பெண்மணிகள் பிற்பாடு பாராட்டினார்கள். மற்றவர்கள் எல்லாரும், கருவாடு என்ன செய்கிறாள் என்று ஒரு தடவையாவது ஓரக்கண்ணால் பார்த்திருந்தார்கள்.

ஸோஃபியாவும் பார்த்திருந்தாள். இன்னொரு ஈஸ்டர் இப்படிப் போனால் பெண் அந்த ஆற்றின் கரையோடு நிற்கமாட்டாள் என்று அவளுக்குப் பட்டது. அடுத்த நாள் எலும்பு வாங்கப் போன சாக்கில் பாவ்லக்கிடம் பேசி முடித்துவிட்டு வந்தாள்.

1966 ஈஸ்டர் திங்கட்கிழமை, விடிந்ததும் விடியாததுமாக வாசுதேவன் தம் அறையில் எழுந்து தயாரானார். வாளி புதிது. தண்ணீர் பச்சைத்தண்ணீராக இருந்தால் அவளுக்கு மார்ச்சளி கட்டும் என்று கவலைப்பட்டு காஸ் அடுப்பில் பாத்திரம் பாத்திரமாகச் சுடவைத்தார். கை பொறுக்கிற சூடு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து விளாவினார். கொஞ்சம் ஓடிகோலோன் கலந்தார். கோட்டு போட்டு, டை கட்டி, இரண்டு கைகளாலும் வாளியை ஏந்தி, தளும்பாமல் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கடைசிப் படியில் இருக்கும்போது வாசலில் 'சளார்' என்ற சத்தம். தொடர்ந்து இன்னொன்று.

டனூட்டா வாசற்படியில் நின்றிருந்தாள். கூந்தல் முகத்தோடு ஒட்டியிருந்தது. ரவிக்கை தோளோடு ஒட்டியிருந்தது. அவள் கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. எதிரே பாவ்லக் இரத்தக்கறை போகாத கசாப்புக்கடை வாளியை மூன்றாம் தடவையாகத் தூக்கிக்கொண்டிருந்தார். கறி வைக்கிற பனிக்கட்டி உருகிய தண்ணீர். தெரு கைதட்டியது. ஜன்னலுக்குள் ஸோஃபியா அழுதுகொண்டே சிரித்தாள்.

பாவ்லக்தான் வாசுதேவனை முதலில் பார்த்தார். ஆவி பறக்கும் வாளியையும் பார்த்தார்.

"அடடே, இஞ்ஜினியர் எல்லாருக்கும் ஸூப் கொண்டுவந்துட்டார்!"

சிரிப்பு அடங்கும்வரை வாசுதேவன் காத்திருந்தார். பிறகு, குறுக்கே பேசுகிற மாதிரி ஆகிவிடக்கூடாதே என்ற தயக்கத்தோடு, "டனூட்டா... ஊத்தலாமா?" என்று கேட்டார்.

அவளுடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"நான் நனைஞ்சாச்சு, ஹெர் இஞ்ஜினியர்," என்றாள்.

வாசுதேவன் தலையசைத்துவிட்டு வாளியோடு மாடிக்குத் திரும்பினார். அவ்வளவு பக்குவமாக விளாவிய வெந்நீரை வீணாக்க மனம் வரவில்லை. அதிலேயே குளித்தார்.

ஜூன் மாதம் கல்யாணம். வாசுதேவனுக்கு அழைப்பு வந்தது, போனார், பன்றி இறைச்சிப் பந்தியில் ரொட்டியும் முட்டைக்கோஸும் சாப்பிட்டார். மன்னார்குடியிலிருந்து வைதேகி என்று ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தியிருப்பதாகத் தகவல் வந்தது. இன்னொருத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு சம்மதிப்பது முறையல்ல என்று மறுத்தார். எந்த முறைக்கும் அவரால் துரோகம் செய்ய முடியாது. முறைக்கு வெளியே இருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் பாவ்லக்கின் கசாப்புக் கடைக்குப் போனார். இறைச்சி தொடாத ஐயங்கார் கசாப்புக் கடையில் வாங்கக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது: வெள்ளரிக்காய் ஊறுகாய் பாட்டில். கல்லாவுக்குப் பின்னால் டனூட்டா. அவளுக்குப் பின்னால் கொக்கிகளில் பாதிப் பன்றிகள். 'குட்டன் டாக்,' 'ஒரு பாட்டில்,' 'இந்தாங்க,' 'நன்றி.' சில சனிக்கிழமைகளில் அவள் கன்னத்தில் ஒரு பக்கம் கன்றியிருக்கும். வாசுதேவன் பார்ப்பார். அந்நியர் வீட்டு விஷயத்தைக் கேட்பது அநாகரிகம். ஊறுகாய் பாட்டில்கள் சுவாமிநாதனின் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. சுவாமிநாதன் ஆய்வை முடித்து ஊருக்குப் போனபோது அலமாரி நிறைய விட்டுவிட்டுப் போனார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சுரங்கத்தை மூடினார்கள். கரி வெட்டியவர்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பம்புகளை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் தோண்டிப்போட்ட பூமியில் நீர்மட்டம் ஏறி, மேலே இருக்கிற ஊரே குளமாகிவிடும். அதனால் வாசுதேவன் மட்டும் வேலையில் தொடர்ந்தார்.

1975 வசந்தத்தில், ஈஸ்டருக்குப் பிறகு, பாவ்லக் பன்றித்தொடைக்குப் புகை போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, வாசுதேவன் கறுப்பு டை கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடையில் வேறு யாருமில்லை. டனூட்டா கறுப்பு ஸ்வெட்டரில் நின்றாள். கன்னம் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருந்தது.

"ஊறுகாய்தானே?"

"ஆமா."

"இத்தனை வருஷமா வாங்கறீங்களே. அவ்வளவு பிடிக்குமா?"

"பிடிக்காது," என்றார் வாசுதேவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பாட்டிலை எடுத்த கை நின்றது. "அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"வழியிலதானே இருக்கு."

கடை எந்த வழியிலும் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். டனூட்டா பாட்டிலை வைத்தாள். போய்க் கடைக்கதவின் பலகையைத் திருப்பி, தாழ்போட்டுவிட்டு வந்து, கல்லாவுக்கு இந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"ஹெர் வாசு," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "என்கிட்ட கேக்கறதுக்கு உங்களுக்கு ஏதாவது இருந்தா, இப்பக் கேளுங்க."

வாசுதேவனுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. நாக்கு நுனிக்குக்கூட வந்துவிட்டது. அப்போது பார்த்து அவர் கண், சுவரில் கறுப்பு ரிப்பன் கட்டி மாட்டியிருந்த பாவ்லக்கின் படத்தில் விழுந்தது.

"துக்க வருஷம் முடியட்டும் டனூட்டா," என்றார் மென்மையாக. "எங்க ஊர்லயும் ஒரு வருஷம் பாப்போம். அதுக்கு அப்புறமா, முறையா..."

டனூட்டா சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஒரு வருஷம் காத்திருந்தேன், தெரியுமா உங்களுக்கு? நீங்க குடை பிடிச்ச திங்கட்கிழமையிலேர்ந்து அந்தாள் ஊத்தின திங்கட்கிழமை வரைக்கும். மாடிப்படில உங்க ஷூ சத்தம் கேக்கும். இன்னிக்கு ஒரு டம்ளர்ல கொண்டு வருவார்னு நினைப்பேன். ஒரே ஒரு டம்ளர். மறுநாள் செவ்வாய்க்கிழமை வந்து ஊத்தியிருந்தாலும் போதும். நவம்பர்ல ஊத்தியிருந்தாலும் போதும். அந்தப் பாழாப்போன ஆத்தங்கரையில நின்னேனே, திரும்பி வந்து கையால அள்ளித் தெளிச்சிருந்தாலும் போதும். சாக்கடையா இருந்தா என்ன? குழாயில வருஷம் முழுக்கத் தண்ணி வருதே, ஹெர் வாசு!"

"ஆனா... அதுக்குன்னு ஒரு நாள் இருக்கே?" என்றார் வாசுதேவன்.

"நாள் திருவிழாவுக்கு. எனக்கு எதுக்கு நாள்?"

கடைக்கு வெளியே இரண்டு பெண்மணிகள் வந்து, பலகையைப் பார்த்துவிட்டு, இந்த நேரத்தில் ஏன் மூடியிருக்கிறது என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார்கள். வாசுதேவன் அவர்களைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எதையும் யோசிக்காமல் வாயைத் திறந்தார்.

"டனூட்டா, என்னை நீங்க..."

"வேண்டாம்," என்றாள் அவள். குரலில் கோபமில்லை, எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிறவளின் குரல். "இப்பக் கேட்டா, நான் கேக்கச் சொன்னதுனால கேட்டதா ஆயிடும். அந்தாளும் எங்கம்மா சொல்லித்தான் வந்து ஊத்தினான். சொல்லிக்கொடுத்து வந்த புருஷன் எனக்கு ஒருத்தன் போதும்."

பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தாள். கல்லாவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வெளியே கண்ணாடியைத் தட்டினார்கள். வாசுதேவன் போய்த் தாழை நீக்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பெண்மணிகளையும் உள்ளே விட்டார். பின்னாலேயே வந்த மூன்றாவது பெண்மணிக்கு முழங்கால் வலி. அவள் படியேறி முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே டனூட்டா ஏற்கெனவே முதல் பெண்மணிக்கு ஈரல் வெட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"எவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுஷர்," என்றாள் முழங்கால்காரி, டனூட்டாவுக்குக் கேட்கும்படி. "இந்தத் தெருவுல எந்தப் பொண்ணுக்குக் கொடுத்து வச்சிருக்கோ!"

"யாருக்கும் இல்லை," என்றாள் டனூட்டா. "உங்களுக்கு என்ன வேணும்? தொடையா, விலாவா?"